குழி அடைக்கிற ஆட்கள்

பிப்ரவரி 8

பேத்திக்கு,

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்த அறையில் இருந்தவர்கள்: நான். சக்கர நாற்காலியில் என் தம்பி. வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டே நின்ற உன் மாமன். யாரோ போனில் அழைக்கிறார்கள் என்று இரண்டு தரம் வெளியே போய் வந்த உன் அத்தை. தம்பி தலையிலிருந்து கட்டியை எடுத்த பெரிய டாக்டர், அவர் நாலு நிமிஷம்தான் இருந்தார். மேற்கொண்டு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா. எழுதிக்கொண்ட நர்ஸ், இடது கைக்காரி. ஜன்னல் ஓரத்தில் ஈரக் குடையோடு நீ. மொத்தம் எட்டுப் பேர். அத்தனை பேர் முன்னாலும்தான் நீ வாய் திறந்தாய்:

"பாட்டி, உங்க வீராப்பைக் காட்டுற இடம் இது இல்ல."

உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்று அங்கேயே சொன்னேன். பேசவும் மாட்டேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். போன் போடாதே, எடுக்க மாட்டேன்.

நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்? டாக்டரம்மா இரண்டு வழி சொன்னாள். ஒன்று, மாதம் ஐந்து நாள் வீட்டிலேயே மாத்திரை. இன்னொன்று, கரண்ட் வைப்பது. கதிர் என்கிறாள் அவள். பதினைந்து தடவை வைக்க வேண்டும், மெஷின் உங்கள் ஊரில்தான் இருக்கிறது, அங்கேயே தங்க வேண்டும். எழுபத்திரண்டு வயசில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் உடம்பு தாங்காது என்றாள். நான் மாத்திரை போதும் என்றேன். உடனே நீ, "எடுத்த கட்டியை எங்க லேபுக்கு அனுப்பி ஒரு சோதனை பண்ணணும், ரிப்போர்ட் வந்ததும் முடிவு பண்ணலாம்" என்றாய். தலைக்குள் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு காகிதத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறாயா? நான் விடவில்லை. டாக்டரம்மாவும் ஒத்துக்கொண்டாள். திங்கட்கிழமை மாத்திரை ஆரம்பம், ரிப்போர்ட் வந்ததும் மறுபடி பார்க்கலாம் என்றாள்.

உங்கள் ஊருக்கு வந்தால் உன் அம்மா வீட்டில் தங்க வேண்டி வரும், அதனால்தான் மாத்திரை கேட்டேன் என்று உன் மனசில் ஓடுவது எனக்குத் தெரியும். அதுவும்தான். மறைக்கவில்லை. பதினோரு வருஷம் முன்னால், அந்த வீட்டுக்கு அவள் குடிபோன அன்று, பதினாலு விருந்தாளிகள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். என் குரல் பெரிது, பிறவியிலேயே அப்படி. உன் அம்மா வந்து காதோரம், "அம்மா, கொஞ்சம் உள்ள போய் உட்காருங்க" என்றாள். உள்ளே போனேன். அப்படியே பின்வாசல் வழியாக வெளியே போனேன். பச்சைப் புடவை கட்டியிருந்தேன், செருப்பு முன்வாசலில் இருந்தது. வெறுங்காலோடு பஸ் ஏறினேன். அந்தச் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கும்.

உன் பாட்டி


பிப்ரவரி 14

அன்புள்ள பாட்டிக்கு,

திட்டு முழுவதையும் படித்தேன். அத்தனை பேர் முன்னால் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பு இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

அந்தச் சோதனை எதற்கு என்று அன்று யாரும் உங்களுக்கு விளக்கவில்லை. நான் எழுதுகிறேன். இதைச் சின்னத் தாத்தாவுக்கும் படித்துக் காட்டுங்கள். முப்பத்திரண்டு வருஷம் ரோட்டுக் குழி அடைத்த மேஸ்திரி, உங்களுக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிடும்.

உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நீளமான இழை இருக்கிறது. அதை ஒரு ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அந்த ரோடு முழுவதும் ஒரு வண்டி ஓடி முடிக்க வேண்டும். கட்டி வளர்வது இப்படிப் பிரிந்து பிரிந்துதான். அந்த மாத்திரை செய்யும் வேலை ரோட்டில் குழி தோண்டுவது. குழியில் வண்டி கவிழும், செல் செத்துப்போகும்.

ஆனால் செல்லுக்குள் குழி அடைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அது ஒரு புரதம். ஒரு குழிக்கு ஓர் ஆள். குழியை அடைத்ததும் அந்த ஆளும் அதோடு முடிந்துபோவான், அடுத்த குழிக்குப் புது ஆள் வர வேண்டும். இந்த ஆட்களை அனுப்புவதற்கு ஓர் ஆபீஸ் உண்டு. சிலருடைய கட்டியில் அந்த ஆபீசுக்குத் தானாகவே பூட்டு விழுந்திருக்கும். அப்படியானால் ஆள் வராது, குழி அப்படியே கிடக்கும், மாத்திரை நன்றாக வேலை செய்யும். சிலருக்குப் பூட்டு இருக்காது. மாத்திரை தோண்டத் தோண்ட ஆட்கள் வந்து அடைத்துக்கொண்டே இருப்பார்கள். அப்படியானால், சின்னத் தாத்தாவின் வயதில் மாத்திரையை மட்டும் நம்புவதைவிடக் கதிர் வைப்பதுதான் மேல்.

பூட்டு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் எங்கள் லேபில் நடக்கும் சோதனை. சதைத் துண்டு மெழுகுக் கட்டியில் பதித்து வந்து சேர்ந்துவிட்டது. சொந்தக்காரருடையது என்பதால் நான் அதைத் தொடக்கூடாது. பக்கத்து மேஜைக்காரி செய்கிறாள், கை சுத்தமானவள். முடிவு டாக்டரம்மாவுக்குத்தான் போகும். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசக்கூடாது, உங்களிடமும்தான்.

அம்மா சின்னத் தாத்தாவைப் பற்றி தினமும் கேட்கிறாள். உங்களைப் பற்றியும்தான். உங்களைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கிறாள்.

பேத்தி


பிப்ரவரி 22

பேத்திக்கு,

உன் ரோட்டுக் கதையைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க எதையாவது சரிசெய்கிறவனை நல்லவன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். இப்போது உள்ளே இருக்கிற ஆள் வேலைக்கு வரக்கூடாது, ஆபீஸ் பூட்டியிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள வேண்டுமாம். தலைகீழ் நியாயமாக இருக்கிறது. அதிகாரியின் ஒரு பச்சை மைக் கையெழுத்துக்காக ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கியபோது எல்லாம் பூட்டிக் கிடந்தது. பூட்டியிருக்கட்டும் என்று கேட்கிற நேரத்தில் திறந்து வைத்திருப்பார்கள், பார்.

அவன் சிரித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தான்.

"ஒரு குழிக்கு ஒரு ஆளாக்கா?"

"ஆமாம். அடைச்சதும் அவனும் காலியாம்."

"அடேயப்பா. சாயங்காலம் கூலி கேக்க ஒருத்தன் இருக்க மாட்டான். எங்க எஞ்சினியர் கேட்டா சந்தோஷத்துல குதிப்பாரு."

"சிரிக்காத, தையல் இழுக்கும்."

"என் ஆளுங்க பத்துப் பேரு ஒரு குழியைச் சுத்தி நின்னு வெத்தலை போட்டுக்கிட்டு நிப்பானுங்க. என் தலைக்குள்ள இருக்கிறவன் எந்த வகைன்னு தெரியலையே."

மாத்திரை பத்தாம் தேதி ஆரம்பித்து ஐந்து நாள் கொடுத்தாகிவிட்டது. காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில். அதற்கு முன்னால் வாந்திக்கு ஒரு மாத்திரை. வெறுங்கையால் தொடக்கூடாது என்று நர்ஸ் சொன்னாள், ரப்பர் உறை மாட்டிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். உறை மாட்டிய கையோடு என்னைப் பார்த்து, "அக்கா, ஆபரேஷன் பண்ணப் போறியா?" என்றான். மூன்றாம் நாள் வாளி நிறைய வாந்தி. நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்து, "நல்லா இருக்கேன்க்கா" என்கிறான். சின்ன வயசிலிருந்து அவனுக்கு இந்தப் பொய் ஒன்றுதான் தெரியும். வலது கை இன்னும் சரியில்லை, சட்டைப் பட்டன் ஒன்று மேலே ஒன்று கீழே போகிறது.

கேட்க வந்தது இதுதான். ரிப்போர்ட் எங்கே? நேற்று அவன் உன் மாமனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான், இன்னும் வரவில்லை என்கிறான். உங்கள் லேபில் சம்பளம் வாங்குகிறவர்கள் மெழுகை உருக்கிக்கொண்டிருக்கிறார்களா, அல்லது வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கிறார்களா?

பாட்டி


பிப்ரவரி 28

பாட்டிக்கு,

ரிப்போர்ட் பதினெட்டாம் தேதியே இங்கிருந்து போய்விட்டது. டாக்டரம்மாவின் ஆபீசில் வாங்கிக்கொண்டதாகப் பதிவும் இருக்கிறது. எங்கள் லேபில் யாரும் வெற்றிலை போடுவதில்லை.

அதில் என்ன இருக்கிறது என்று நான் எழுத முடியாது. எழுதினால் என் வேலை போகும். வேலை போனாலும் பரவாயில்லை என்று இரண்டு தடவை பேனாவை எடுத்து இரண்டு தடவை மூடிவிட்டேன். அது அவருடைய உடம்பு, அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். உங்களுக்கோ எனக்கோ இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், காலில் விழுந்து கேட்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்று மாத்திரைக்கு முன்னால் நீங்களே டாக்டரம்மாவை நேரில் பாருங்கள். மாமாவை அனுப்பாதீர்கள். நீங்கள் போங்கள்.

பேத்தி


மார்ச் 15

பேத்திக்கு,

உன் கடிதம் நாலாம் தேதி வந்தது. "எழுத முடியாது" என்று எழுதுவதற்கு ஒரு கடிதமா என்று பத்து நாள் உன்மேல் ஆத்திரமாகவே இருந்தேன். அந்த ஆத்திரத்தில் டாக்டரம்மாவைப் பார்க்கவும் போகவில்லை.

கடிதம் வந்த அன்றே தம்பியிடம் கேட்டேன். "லேப்ல அனுப்பிட்டோம்னுதான் சொல்லுவாங்க, இங்க வரணுமே. எத்தனை ஆபீஸ் பாத்திருக்கேன்" என்றான். உன் மாமனைக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை, அதனால் தான் வண்டியிலேயே இருந்ததாகவும், "மாமா மட்டும்தான் உள்ள போனாரு" என்றும் சொன்னான். முதல் தடவையும் அப்படி, இரண்டாம் சுற்று மாத்திரை வாங்கப் போனபோதும் அப்படி. நாற்பத்தெட்டு வயசு. பெற்றவள் நான்தான், யாரைச் சொல்லி என்ன.

பத்தாம் தேதி இரண்டாம் சுற்று. மறுபடி ஐந்தரை மணி, மறுபடி ரப்பர் உறை. இந்தத் தடவை தினமும் வாந்தி. வாளியைக் கழுவி வைப்பேன், அவன் "நல்லா இருக்கேன்க்கா" என்பான். நேற்று ரத்தச் சோதனைக்கு நானே கூட்டிப் போனேன். அவனை வரிசையில் உட்காரவைத்துவிட்டு, காகிதம் கொடுக்கிற ஜன்னலுக்குப் போனேன்.

ஜன்னலில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பேஷண்டே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே, பாட்டி" என்றார்.

"யாரு பேஷண்ட்டு?"

"இருபத்தொண்ணாம் தேதி. கையெழுத்து இருக்கு பாருங்க."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். நான் ஐந்தாம் வகுப்பு, ஆனால் அவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? முன்பெல்லாம் கோடு போட்டது போல நேராக இருக்கும். இது கீழே இறங்கி, அடுத்தவன் பெயருக்கு மேல் விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவனைக் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும். அவன் தூங்கியதும் தேடினேன். தலையணை, பெட்டி, அலமாரி எதிலும் இல்லை. ரோட்டு வேலைக்குப் போடுகிற நீள ரப்பர் பூட்ஸ் பரண்மேல் இருக்கிறது, பன்னிரண்டு வருஷமாக யாரும் தொடாதது. அதில் இடது காலுக்குள் சுருட்டி வைத்திருந்தான்.

முழுக்க இங்கிலீஷ். நடுவில் ஒரு வார்த்தையை நீல மையால் வட்டம் போட்டிருக்கிறார்கள். அதன் நகல் இத்துடன் இருக்கிறது. இப்போது இது என் கையில் இருந்து உனக்கு வருகிறது, உன் லேபிலிருந்து இல்லை. இனி உன் வேலைக்கு ஆபத்தில்லை. படித்துச் சொல். சுற்றி வளைக்காதே.

பாட்டி


மார்ச் 18

பாட்டி,

பூட்டு இல்லை.

வட்டம் போட்ட வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். குழி அடைக்கிற ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மாத்திரையால் துளிகூடப் பயன் இல்லை என்று யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். ஆனால் இவருக்கு மாத்திரையை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதில் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. கதிர்தான் வழி. அதுவும் குணப்படுத்தாது, பாட்டி. சில மாதம் தரலாம், நடக்கிற, பேசுகிற மாதங்கள். எத்தனை என்று எனக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிந்து எட்டு வாரம் ஆகிறது. இவ்வளவு தாமதித்திருக்கவே கூடாது.

என் கோபத்தையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்கு மட்டும்தான் கோபப்படத் தெரியுமா? மார்ச் ஒன்றாம் தேதி நான் சின்னத் தாத்தாவுக்கு போன் செய்தேன். "பாட்டிக்குத் தெரியுமா?" என்றேன். "எல்லாம் சொல்லிட்டேன்மா. அவ யோசிக்கிறா, அவசரப்படுத்தாத" என்றார். நம்பினேன். நீங்கள் யோசிப்பீர்கள் என்று பதினேழு நாள் பொறுமையாக இருந்தேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அம்மாவிடம் சொல்ல முடியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கல்நெஞ்சக்காரி என்றுகூட நினைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு இல்லை.

கதிர் டாக்டரிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை அழைத்து வாருங்கள். அம்மா முன்னறையைக் காலி செய்துவிட்டாள். கட்டிலை அவளே தள்ளினாள், இடுப்புப் பிடித்துக்கொண்டது. உங்களுக்கு என்று ஒரு கட்டிலும் போட்டிருக்கிறாள். நீங்கள் வருவீர்களா என்று என்னைக் கேட்கவில்லை.

பேத்தி


மார்ச் 21

பேத்திக்கு,

கடிதம் வந்ததும் அவன் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பிற்பாடு அவன் மாற்றிச் சொல்வான்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"என்னது?"

"பூட்ஸுக்குள்ள இருக்கிறது."

சட்டைப் பட்டனைத் திருகினான்.

"படிச்சிட்டியா?"

"எனக்கு எங்க இங்கிலீஷ் படிக்கத் தெரியும்? படிக்கத் தெரிஞ்சவளுக்கு அனுப்பிட்டேன். மாத்திரை கேக்காதுன்னு டாக்டரம்மா உன்கிட்டச் சொன்னாளா, இல்லையா?"

"சொன்னாங்க. கரண்ட் வைக்கணும்னாங்க. வேணாம், மாத்திரையே போதும்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"ஏன்டா?"

"அந்த ஊருக்குப் போகணுமே. நான் போனா நீயும் வருவ. அந்த வாசல்ல நீ போய் நிக்கிறதை என்னால பாக்க முடியாதுக்கா. பதினோரு வருஷம் தலை நிமிர்ந்து இருந்துட்ட. எனக்காகக் குனிய வேணாம்."

"சரி. அப்ப மாத்திரையையாவது விட்டிருக்கலாம்ல? அஞ்சு நாள் குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தியே, அது எதுக்கு?"

"நீ ரப்பர் உறையை மாட்டிக்கிட்டு அஞ்சரை மணிக்கு வந்து நிக்கிற. முகத்தைக் கழுவிட்டு, தலை சீவிட்டு நிக்கிற. உன்கிட்ட வேணாம்னு எப்படிச் சொல்றது?"

எழுந்து போய்ச் சமையலறையில் ஒரு பாத்திரத்தைத் தரையில் எறிந்தேன். பெரிய பாத்திரம். உன் அத்தை ஓடிவந்தாள், அவளையும் திட்டினேன்.

உன் மாமனோடு அவனை மட்டும் அனுப்பலாம் என்று பார்த்தேன். நான் இல்லாமல் வரமாட்டானாம். எனக்காகப் போகாமல் இருந்தவன், இப்போது நான் வராமல் போகமாட்டான். இவனை என்ன செய்வது, நீயே சொல்.

வருகிறோம். உன் அம்மாவிடம் சொல்லி வை. நான் யாரையும் பார்க்க வரவில்லை, நோயாளிக்குத் துணையாக வருகிறேன். என் குரல் பெரிதாகத்தான் இருக்கும், குறைக்க மாட்டேன். என்னை எங்கே உட்காரச் சொல்வது என்று யாரும் யோசிக்க வேண்டாம், நானே இடம் பார்த்து உட்காருவேன். உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான்.

பாட்டி


ஏப்ரல் 9, உங்கள் வீட்டு முன்னறை

பேத்திக்கு,

கதவுக்கு அடியில் தள்ளுகிறேன், எடுத்துக்கொள்.

இன்றோடு ஒன்பது முடிந்தது. முகத்தின் அச்சில் ஒரு வலை செய்து, அதை மேஜையோடு சேர்த்துப் பூட்டித்தான் கரண்ட் வைக்கிறார்கள் என்று நீ முன்பே சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அசையக்கூடாதாம். ஒருநாளும் ஓர் இடத்தில் நிற்காதவன் கல்லாகப் படுத்திருந்தான். முடிந்து வெளியே வந்ததும், முகமெல்லாம் வலைத் தடத்தோடு, "அக்கா, தார் ரோட்டுல டயர் போன மாதிரி இருக்கா?" என்றான்.

நேற்று எடுத்த ஸ்கேனை நீ அந்தக் கதிர் டாக்டரோடு தனியாக நின்று பார்த்தாய். உன் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கட்டி மறுபடி வந்திருக்கிறதா? இந்தத் தாளின் பின்பக்கம் எழுது. உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அழுவாள். அவள் அழுதால் நான் ஏதாவது சொல்ல வேண்டி வரும்.

பாட்டி


(பின்பக்கத்தில்)

பாட்டி, எட்டடி தூரத்தில் இருந்துகொண்டு கடிதமா? நேற்று உப்பு எங்கே என்று கேட்டுக்கூட ஒரு சீட்டு வந்தது.

ஆமாம். கட்டியை எடுத்த இடத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் வந்திருக்கிறது. கதிர் வைக்கிற இடத்துக்குள்தான் இருக்கிறது. அது புதிதாக வந்ததா, கதிர் பட்டதால் வந்த வீக்கமா என்பதை இப்போதே சொல்ல முடியாது என்கிறார்கள். ரிப்போர்ட் வந்த வாரமே தொடங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார்.

அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். காலையிலேயே அழுது முடித்துவிட்டாள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும்.


மே 4

பேத்திக்கு,

வீடு வந்து இரண்டு வாரம் ஆகிறது. உன் கடிதம் வந்தது. அதில் நீ மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய்.

தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டாய். தலையில் கரண்ட் வைத்த இடத்தில் முடி கொட்டி, வட்டமாக வெறும் தோல் தெரிகிறது. பகலெல்லாம் தூக்கம். சாயங்காலம் எழுந்து கேட் வரை நடக்கிறான், போகும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறான், வரும்போது என்னைப் பிடித்துக்கொள்கிறான். முந்தாநாள் புது ஸ்கேன் எடுத்தோம். மூலையில் இருந்தது பெரிதாகவில்லை. டாக்டரம்மா, "நின்னிருக்கு, பாட்டி. எவ்வளவு நாள் நிக்கும்னு என்னைக் கேக்காதீங்க" என்றாள். கேட்கவில்லை. அவளும் பாவம், அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில்தான் காகிதம் வருமுன்னே மாத்திரை எழுதினாள்.

உன் அம்மாவோடு சமாதானமா என்று கேட்டாய். பாதி. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள், "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலைம்மா" என்றாள். "எனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரரோட மேலதிகாரி வந்திருந்தாரு, மூணாவது நாற்காலி, சாம்பல் சட்டை" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பாதி. மீதியை இன்னொரு தடவை வரும்போது பார்க்கலாம்.

ஊருக்குக் கிளம்பிய அன்று ரயிலடியில் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனே, அதோடு பேசமாட்டேன் என்ற பேச்சு முடிந்ததா என்று கேட்டாய். முடிந்தது. அன்று நீ அத்தனை பேர் முன்னால் சொன்னது சரி. சரியாகச் சொன்னதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

நீ கேட்காத ஒன்று இருக்கிறது. ஐந்து வாரம். அந்த நோட்டில் அவன் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து முதல் கரண்ட் வைத்த நாள் வரைக்கும் விரல் விட்டு எண்ணினேன். அந்த ஐந்து வாரமும் உன் வெல்லம் போன்ற சின்னத் தாத்தா என்னிடம் ஒன்று சொன்னான், உன்னிடம் ஒன்று சொன்னான், டாக்டரம்மாவிடம் இன்னொன்று சொன்னான். கேட்டால் எனக்காகவாம். பார்க்கிறவர்கள் எல்லாரும், "அக்கா மேல எவ்வளவு பாசம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். உன் அத்தை இரண்டு தடவை துடைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் வீராப்புக்காரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன், வெறுங்காலோடு போன நான் வெறுங்காலோடு திரும்பியும் போயிருப்பேன். அவன் கேட்கவே இல்லை. நான் வரமாட்டேன் என்று அவனே முடிவு செய்துவிட்டான். ஐம்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, என்னை அவ்வளவுதான் எடைபோட்டிருக்கிறான்.

நேற்று சாயங்காலம் கேட் அருகில் நிற்கும்போது அவனிடமே சொன்னேன்.

"எனக்காக உயிரோட இருன்னு நான் கேட்டிருப்பேன்டா. எனக்காகப் போன்னு எப்பக் கேட்டேன்?"

ரோட்டைப் பார்த்தான். அங்கே எவனோ அரைகுறையாக அடைத்த ஒரு குழி இருக்கிறது, தினமும் அதைத் திட்டுவான். நேற்று அதைக்கூடத் திட்டவில்லை.

"தப்புதான்க்கா" என்றான். பிறகு, "எப்ப மன்னிப்ப?" என்றான்.

"ஏன், உனக்கு எங்கயாவது போகணுமா?"

"இல்லையே."

"அப்ப நில்லு. அவசரம் என்ன?"

என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான், நாற்காலியில் உட்கார்ந்தான், அப்படியே தூங்கிவிட்டான். அவன் எதிரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, பட்டன் மாறிப்போட்டிருக்கிறான். உன் அம்மாவுக்கு மீதிப் பாதியையும் கொடுத்துவிடுவேன். வண்டியை விட்டு இறங்காத உன் மாமனைக்கூட என்றாவது விட்டுவிடுவேன். ஆனால் ஒருவனை மட்டும் மன்னிக்க மாட்டேன், யார் வந்து சொன்னாலும், எத்தனை நாள் ஆனாலும், அவன் எத்தனை தடவை கேட்டாலும் மன்னிக்க மாட்டேன். என் தம்பியை.